கைப்பின்னலும் கூலிக் கணக்கும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களிலுள்ள மகளிர் சங்கங்கள் சிலவற்றில், கைப்பின்னல் வேலையையும் சங்கத் தொழில்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற யோசனை அண்மைக் காலத்தில் எழுந்திருக்கிறது. இரண்டு ஊசியும் ஒரு நூற்பந்தும் இருந்தால் போதும். தறி வேண்டாம், கொட்டகை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில்கூட நாலு வரி பின்னிவிடலாம் என்பது யோசனையை முன்வைப்போர் கூறும் காரணம். யோசனையை நாம் வரவேற்கிறோம். ஆனால் காரணத்தின் கடைசிப் பகுதியை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. உலை கொதிக்கும் நேரத்தில் செய்த வேலைக்கு முழுக் கூலி கொடுத்த வியாபாரி இதுவரை பிறக்கவில்லை. இத்தொழிலைத் தொடங்குமுன் சங்கங்கள் தீர்மானிக்க வேண்டியது எந்த நூல், எந்த ஊசி என்பதன்று. பின்னுகிறவளின் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே.

முதலில், இந்தத் தேவை எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நெசவாளர் வீடுகளின் நிலைமையை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்க வெயில் கிடையாது. குழித்தறியில் நீர் ஊறுகிறது. அடைமழை பத்து நாள் நீடித்தால் பத்து நாள் கூலியும் போயிற்று. தோட்டக்காரர் வீடுகளிலோ சங்கடம் சற்றுப் பின்னால் வருகிறது. மார்கழிப் பனி இறங்கியதும் மல்லிகைச் செடியில் அரும்பு குறைந்துவிடும். பூவின் விலை அப்பொழுதுதான் ஏறும். ஆனால் பறிப்பதற்கும் தொடுப்பதற்கும் பூவே இல்லாதபோது, கோயம்பேட்டில் விலை ஏறி இங்குள்ள தொடுப்பவளுக்கு ஆகப்போவது என்ன? ஆக, ஐப்பசி முதல் தை வரை ஏறக்குறைய நான்கு மாத காலம், பழகிய கைகள் வேலையின்றி இருக்கின்றன.

பழகிய கைகள் என்று நாம் சொல்வது வெறும் உபசாரமன்று. ஊர்ப் பெயரிலேயே பூவைக் கொண்ட பூவிருந்தவல்லிப் பக்கத்தில், பெண்கள் பூத் தொடுப்பதைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். இடக்கையில் இரண்டிரண்டாய்ப் பூவை எதிரெதிரே அடுக்கி, நூலைச் சுற்றி, வளையம் விட்டு, அதனுள்ளே நூலை இழுத்து இறுக்குவது ஒரே மூச்சில் நடக்கிறது. கண் பார்ப்பதில்லை, விரல்தான் எண்ணுகிறது. பின்னலும் வளையத்துக்குள் வளையம் இழுக்கும் வேலையே. பூத் தொடுக்கத் தெரிந்தவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் போதும் என்பது நம் எண்ணம்.

"சென்னைக்குக் கம்பளி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. மார்கழி விடியலில் பால் வாங்கப் போகிற பெரியவர்கள் அணியும் குரங்குக் குல்லாயைத் தவிர நம் ஊரில் கம்பளிக்கு வேறு வேலையில்லை. எனினும் கைப்பின்னல் நமக்கு முற்றிலும் அந்நியமான கலையுமன்று. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் அமைந்த ஆவடியில், வட மாநிலங்களிலிருந்து வந்து குடியிருக்கும் படைவீரர் குடும்பத்துப் பெண்கள் வாசலில் அமர்ந்து பின்னுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். 1962இல் சீன எல்லையில் போர் மூண்டபோது, இமயத்தில் நின்ற வீரர்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். அண்மைக் காலத்திலோ, 2016 ஜனவரி 31ஆம் நாள், மதர் இந்தியாஸ் க்ரோஷே க்வீன்ஸ் என்ற பெண்கள் குழுவினர், தாம் கொக்கி ஊசியால் பின்னிய துண்டுகளைச் சென்னையில் ஒன்றாக இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையாக்கி உலக சாதனை நிகழ்த்தினர். கை இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. கூலி உண்டா என்பதுதான் கேள்வி.

நெசவு அறிந்த அங்கத்தினர்களுக்குப் பின்னலின் இயல்பை விளக்குவது எளிது. நெசவில் பாவும் ஊடையும் என இரண்டு நூல் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. இரண்டும் நேர்கோட்டில் நிற்பதால் துணி அதிகமாக இழுபடுவதில்லை. பின்னலில் ஒரே நூல்தான். அது கண்ணி கண்ணியாக வளைந்து, மேல்வரிக் கண்ணி கீழ்வரிக் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. வளைவு நிமிர்வதற்கு இடமிருப்பதால் துணி இழுத்த இழுப்புக்கு வருகிறது. அதே காரணத்தால் ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழுள்ளவையெல்லாம் ஏணிப்படி போல் அவிழ்ந்துகொண்டே போகும். ஊசியை முன்புறமிருந்து விட்டு நூலை இழுத்தால் ஒரு வகைக் கண்ணி. பின்புறமிருந்து விட்டால் மற்றொரு வகை. உண்மையில் இரண்டும் ஒரே கண்ணியின் முன்முகமும் பின்முகமுமே. இவ்விரண்டை மாற்றி மாற்றிப் போடுவதிலிருந்தே பட்டை, கட்டம், மணி என அத்தனை கோலங்களும் பிறக்கின்றன.

தறியில் உட்காருமுன் அச்சு எண் பார்ப்பது போல, பின்னுமுன் நான்கு அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே நூலும் ஒரே ஊசியும் கொடுத்தாலும் ஒருத்தியின் கை இறுகியிருக்கும், மற்றொருத்தியின் கை தளர்ந்திருக்கும். பத்துப் பேர் பின்னிய பத்துத் தொப்பிகள் பத்து அளவாக வந்து கிடங்கில் தேங்குவது இந்தச் சதுரத்தைப் பின்னச் சோம்பியதால்தான். பயிற்சி கொடுப்பவர்கள் கோலம் கற்பிக்க அவசரப்படாமல் முதல் இரண்டு வாரம் இந்தச் சதுரத்தையே பின்னச் செய்தால் நல்லது.

இனிக் கூலி விஷயத்துக்கு வருவோம். இதற்கு நாம் அங்கத்தினர்களை அயர்லாந்து வரை அழைத்துச் செல்ல நேர்கிறது. அவ்வளவு தூரம் ஏன் என்று கேட்கலாம். கைப்பின்னலுக்கு உலகில் பெயர் பெற்ற நாடு அது. கூட்டுறவிலும் நமக்கு ஒரு வகையில் மூத்த சகோதரன். சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாண அரசுக்குத் தம் அறிக்கையை 1895இலும் 1897இலும் அளித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அங்கே ஹோரஸ் பிளங்கட் என்பவர் 1894இல் அயர்லாந்து வேளாண்மை அமைப்புச் சங்கத்தை நிறுவி, கிராமம் கிராமமாகக் கூட்டுறவைப் பரப்பிக்கொண்டிருந்தார். 1904இல் நம் ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூர் செல்லும் இருப்புப் பாதைக்கு அருகிலுள்ள திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானபோது, அயர்லாந்தின் கூட்டுறவுப் பால்பண்ணைகள் வேரூன்றிவிட்டிருந்தன. பிளங்கட்டின் கீழ்ச் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றிச் சங்கம் அமைத்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற கவிஞர். எம் போன்ற ஆய்வாளர்களுக்கு அவர் முன்னோடி என்று சொல்லிக்கொள்வதில் எமக்கு ஆசைதான். கவிதை மட்டும் எமக்கு வருவதில்லை, பயணப்படிப் பட்டியலோடு நின்றுவிடுகிறது.

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் டோனகால் என்றொரு மாவட்டம். பாறை நிலம்; துண்டு துண்டான வயல்கள்; ஆண்கள் பருவந்தோறும் ஸ்காட்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போய் வருவார்கள். வீட்டிலிருந்த பெண்கள் வியாபாரிகளிடம் நூல் வாங்கிக் காலுறை பின்னிக் கொடுத்தார்கள். நூலை வாங்கவும் பின்னியதைக் கொடுக்கவும் பல மைல் நடக்க வேண்டும். கூலியோ பெரும்பாலும் பணமாகக் கிடைக்காது. அதே வியாபாரியின் கடையிலிருந்து தேயிலையும் சர்க்கரையும் அவன் வைத்த விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நூல் கொடுப்பவனும் அவனே. பின்னியதை வாங்குபவனும் அவனே. மளிகை விற்பவனும் அவனே. கடன் புத்தகம் எழுதுபவனும் அவனே. நம் நெசவாளர் வீடுகளில் முதியவர்கள் இருந்தால், மாஸ்டர் வீவரிடம் பாவு வாங்கிய காலத்தை நினைத்துக்கொள்வார்கள். கூட்டுறவு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

அந்த மாவட்டத்திலுள்ள டங்லோ என்ற ஊர்ப்பக்கத்தில் பேட்ரிக் காலகர் என்ற சிறு விவசாயி இருந்தார். ஸ்காட்லாந்தில் கூலி வேலை செய்தபோது அங்கிருந்த கூட்டுறவுப் பண்டகசாலையைக் கண்டு வந்தவர். உரம் வாங்குவதில் வியாபாரிகள் அடிக்கும் கொள்ளையைத் தாங்காமல், 1906இல் அக்கம்பக்கத்து விவசாயிகள் சிலரைச் சேர்த்து டெம்பிள்க்ரோன் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் உரம், பிறகு மளிகை, சில ஆண்டுகளுக்குள் பின்னல் தொழிற்கூடம். வீட்டிலிருந்து அற்பக் கூலிக்குப் பின்னிய பெண்கள் அங்கே வந்து, முன்னைவிட நல்ல கூலியைப் பணமாகக் கையில் வாங்கினார்கள். வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. வழக்கு, தகராறு எல்லாம் நடந்தது. சங்கம் நின்றது. 'பேடி த கோப்' என்று ஊரார் அவரைச் செல்லமாக அழைத்தனர்; கோப் என்றால் கூட்டுறவுதான், பாமர நாவில் சுருங்கிய பெயர். அவர் 1966 வரை வாழ்ந்தார்.

இந்த வரலாற்றில் நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. உர வியாபாரம் செய்த விவசாயிகளின் சங்கமே பின்னல் தொழிலையும் எடுத்துக்கொண்டது. கணவன் உரம் வாங்கும் இடத்திலேயே மனைவியின் கூலியும் பட்டுவாடா ஆயிற்று. ஆகவே அவள் வேலை வீட்டோடு மறைந்துபோகாமல் புத்தகத்தில் ஏறியது. மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். காலகர் கைப்பின்னலோடு நிற்கவில்லை. தொழிற்கூடத்துக்குப் பின்னல் இயந்திரங்களைக் கொண்டுவந்தார். கையால் பின்னிய காலுறைக்கு நல்ல கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு நேர்மாறான மற்றொரு கதை, அதே அயர்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள ஆரன் தீவுகளின் கதை. உலகில் இன்று ஆரன் ஸ்வெட்டர் என்றால் அறியாத பெரிய துணிக்கடை இல்லை. சாயமேற்றாத வெண்கம்பளி நூலில், முறுக்கிய கயிறு போலவும் தேன்கூடு போலவும் வைரக்கட்டம் போலவும் கோலங்கள் புடைத்து நிற்கும். கயிற்றுக் கோலத்தின் சூட்சுமம் எளிது: மூன்று கண்ணிகளை மூன்றாவது ஊசியொன்றில் ஒதுக்கி வைத்து, அடுத்த மூன்றை முதலில் பின்னி, பிறகு ஒதுக்கியவற்றைப் பின்னினால் இரண்டு புரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சில வரிகளுக்கு ஒருமுறை இப்படிச் செய்துகொண்டே போனால் கயிறு முறுக்கேறியது போலத் தோன்றும். பார்ப்பதற்கு வெகு அழகு. பின்னுவதற்கு வெகு நேரம்.

இச்சட்டையைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லும் கதை இது: ஆயிரமாண்டுப் பழமையுடையது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோலம் உண்டு, கடலில் மூழ்கிய மீனவன் உடல் கரை ஒதுங்கினால் சட்டையின் கோலத்தைக் கொண்டு இன்ன குடும்பத்தான் என்று அறிவார்கள். உள்ளம் உருகும் கதைதான். ஆயினும் உண்மையன்று. ஜே. எம். சிங் என்ற நாடகாசிரியர் (பெயரைக் கண்டு பஞ்சாபியர் என்று எண்ணிவிட வேண்டாம், அசல் டப்ளின்காரர்) 1904இல் மேடையேறிய தம் நாடகத்தில், மூழ்கிய தமையனைத் தங்கை அவனுடைய காலுறையிலிருந்த கண்ணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அடையாளம் காண்பதாக எழுதினார். அந்த ஒரு காட்சி நாளடைவில் காலுறையை விட்டுச் சட்டைக்கு ஏறி, சட்டையிலிருந்து விளம்பரத்துக்கு ஏறிவிட்டது. 1930களில் டப்ளின் கடையொன்றில் வெள்ளைச் சட்டையைக் கண்ட ஹைன்ஸ் கீவே என்ற நூல் வணிகர், பழைய மதச் சின்னங்களோடு அதன் கோலங்களை இணைத்துப் பேசியது நெருப்புக்கு நெய்யாயிற்று. ரிச்சர்ட் ரட் என்ற பாதிரியார், கைப்பின்னல் வரலாறு பற்றி 1987இல் வெளியிட்ட நூலில் இப்பழமைக் கதைகளை ஆராய்ந்து ஒதுக்கிவிட்டார்.

உண்மை வரலாறு நமக்கு அதைவிடச் சுவையானது. வறிய மேற்குக் கரை மாவட்டங்களை முன்னேற்ற 1891இல் அரசு ஒரு வாரியம் அமைத்தது. நாம் மேலே சொன்ன பிளங்கட் அதில் ஓர் அங்கத்தினர். வாரியம் ஆரன் தீவுகளில் மீன்பிடித் தொழிலை வளர்த்தது. வெளியிலிருந்து வந்த மீனவர்கள் அணிந்த சட்டைகளைப் பார்த்துத் தீவுப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கற்றதைத் தம் கற்பனையால் பெருக்கினார்கள். ஆக, ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுப் பழமையுள்ள கலை அது. கற்றுக்கொண்ட கலை பரம்பரைக் கலையைவிடத் தாழ்ந்தது என்று யார் சொன்னார்கள்? மூரியல் கஹான் என்ற அம்மையார் 1930இல் டப்ளினில் கைத்தொழில் அங்காடி ஒன்றைத் திறந்து, இத்தீவுப் பெண்களின் வேலைக்கு நகரத்தில் சந்தை தேடிக்கொடுத்தார். கிராமத்துக் காய்கறியும் கைவினைப் பொருளும் ஒரே மேடையில் விற்கும் கூட்டுறவுச் சந்தைகளும் பின்னர் அவர் முயற்சியால் எழுந்தன. 1961இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிளான்சி சகோதரர்கள் என்ற பாடகர்கள் இச்சட்டையணிந்து தோன்றியதும் கிராக்கி பெருகிற்று.

கிராக்கி பெருகியதன் பயன் பின்னியவர்களுக்கு எவ்வளவு சென்றது? விற்பவர்கள், ஒரு சட்டையில் லட்சம் கண்ணி உண்டு என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பழகிய கை நிமிடத்துக்கு 25 கண்ணி போடும் என்று வைத்தால், 4,000 நிமிடம். அதாவது ஏறக்குறைய 67 மணி. நாளுக்கு எட்டு மணி உழைத்தால் எட்டு நாளுக்கு மேல். எட்டு நாள் நியாயமான கூலியோடு கம்பளி விலையும் கடை வாடகையும் சேர்த்தால், அந்தச் சட்டையை யார் வாங்குவார்? ஆகவே கூலி உருப்படிக் கணக்கில் சுருங்கிற்று; பின்னுகிறவர்கள் வயோதிகர்களானார்கள்; மகள்மார் வேறு வேலைக்குப் போனார்கள். ஆரன் பெயரில் இன்று விற்கும் சட்டைகளில் பெரும்பாலானவை இயந்திரத்தில் பின்னியவை. கதைக்கு விலை கிடைத்தது, கண்ணிக்குக் கிடைக்கவில்லை.

தொலைவிலிருந்து அருகே வருவோம். ஆந்திர நாட்டு நரசாப்பூர்ப் பக்கத்தில் கொக்கி ஊசி லேஸ் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகளால் புகுத்தப்பட்டது. அதற்கு 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் சாரம் இது: பெண்கள் நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள், அவர்கள் லேஸ் வெளிநாடுகளுக்குக் கப்பலேறிற்று, ஆனால் வியாபாரிகளும், வீட்டு ஆண்களும், ஏன், அப்பெண்களேயும்கூட, அதனை வேலை என்று எண்ணவில்லை. வீட்டிலிருக்கும் பெண் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறாள் என்றே எண்ணினார்கள். அந்த எண்ணமே அவர்கள் கூலியைக் குறைந்தபட்சக் கூலிக்கும் மிகக் கீழே அழுத்தி வைத்தது.

நாம் கணக்குப் பார்க்கச் சென்ற ஒரு சங்கத்தில் இதே எண்ணத்தைப் பதிவேட்டிலேயே கண்டோம். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். பரீட்சார்த்தமாகச் சில பெண்களுக்குக் குழந்தைத் தொப்பி பின்னக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தின் தலைப்பு 'ஓய்வு நேர வேலை'. தொப்பி ஒன்றுக்குக் கூலி 30 ரூபாய். எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டோம். காரியதரிசி அம்மாளுக்குத் தெரியவில்லை; பின்னுகிறவர்களுக்கும் தெரியவில்லை. "டிவி பார்த்துக்கொண்டே பின்னுகிறோம் சார், அதற்கெல்லாமா மணி பார்ப்பது?" என்றார் ஒருவர். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். 60 கண்ணி, 60 வரி, 3,600 கண்ணி. பழகிய கைக்கே இரண்டரை மணி. தொடங்கி, முடித்து, தைத்து, குஞ்சம் வைக்க இன்னும் அரைமணி. மூன்று மணிக்கு 30 ரூபாய் என்றால் எட்டு மணிக்கு 80 ரூபாய். 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாட்கூலி 319 ரூபாய். ஏரிக் கரையில் மண் சுமந்தால் 319. சங்கத்துக்குத் தொப்பி பின்னினால் 80. இதனைச் சொன்னபோது அறையிலிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நிர்வாகத்தார் நல்லவர்கள், ஏமாற்றும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. தலைப்புத்தான் அவர்களை ஏமாற்றிவிட்டது. 'ஓய்வு நேரம்' என்று எழுதிய மாத்திரத்தில் மணிக்கணக்கு எழுதும் அவசியம் போய்விடுகிறது. பள்ளிக் குழந்தைகளின் சீருடை தைக்கும் நம் மகளிர் தையற் சங்கங்களில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, ஒரு நாளில் எத்தனை உருப்படி தைக்கலாம் என்று முதலில் பார்க்கிறோம். அதே அங்கத்தினர் தையல் இயந்திரத்தை விட்டிறங்கி ஊசி எடுத்தால் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது?

இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் நம் காதில் விழுந்திருக்கின்றன. ஒன்று, வீட்டிலிருந்து ஏதோ நூறு ரூபாய் கிடைத்தாலும் அது லாபந்தானே என்பது. வேறு வழியே இல்லாதவளுக்கு அது லாபமாகத் தோன்றலாம். ஆனால் வேறு வழியில்லாதவளைத் தேடிப் பிடித்துக் குறைந்த கூலி கொடுப்பது வியாபாரியின் தந்திரம். அதற்குச் சங்கம் எதற்கு, பங்குத் தொகை எதற்கு? மற்றொன்று சற்றுக் கனமானது: மணிக்கூலி வைத்தால் விலை ஏறும், விலை ஏறினால் சரக்கு விற்காது என்பது. உண்மை. திருப்பூரில் இயந்திரம் சில நிமிடங்களில் பின்னித் தள்ளும் பனியனோடும் ஸ்வெட்டரோடும் நாம் விலையில் போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது. கூலியைக் குறைத்து விற்க வேண்டிய உருப்படியைச் சங்கம் எடுக்காமல் விட்டுவிடுவதே முறை. பெரியவர்களுக்கான ஸ்வெட்டர் அத்தகைய உருப்படி. எட்டு நாள் வேலைக்கு விலை கொடுப்பவர் நூற்றில் ஒருவர். அவருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பின்னலாம்.

எதைப் பின்னலாம் என்றால், மூன்று நான்கு மணிக்குள் முடியக்கூடிய, கைவேலை கண்ணுக்குத் தெரியக்கூடிய சிறு உருப்படிகளையே நாம் சிபாரிசு செய்வோம். கைக்குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும், சிறு பை, பாத்திரம் துலக்கும் துணி, நீர்க்குப்பி உறை போன்றவை. இவற்றுக்குக் கம்பளி வேண்டாம், பருத்தியே உத்தமம். கூட்டுறவு நூற்பாலைகளிலிருந்து நம் நெசவாளர்களுக்கு வரும் சிட்டம் நூல் தனியே பின்னுவதற்கு மெல்லியது. பல இழை சேர்த்து முறுக்கிக்கொள்ள வேண்டும். ராட்டையும் முறுக்கும் கையும் நெசவாளர் வீட்டிலேயே இருக்கின்றன. அந்த வேலைக்கும் தனிக் கூலி எழுத வேண்டும் என்பதை மறக்கலாகாது. பருத்திக்குக் கம்பளியின் துள்ளல் இல்லை. இழுத்தால் இழுத்தபடி நிற்கும், ஈரம் பட்டால் கனத்துத் தொங்கும். ஆகையால் ஆரன் கயிற்றுக் கோலங்களைப் பருத்தியில் போட்டு மோசம் போக வேண்டாம். இரு வகைக் கண்ணியையும் ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிப் போடும் மணிப் பின்னல் பருத்திக்கு நன்கு பொருந்தும். ஓரம் சுருளாது, இருபுறமும் ஒரே முகமாயிருக்கும்.

விளம்பரச் சீட்டில் பழங்கதை எதுவும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். பல்லவர் காலப் பின்னல் என்று யாராவது எழுதத் துணிந்தால் நிர்வாகக் குழு தடுத்துவிட வேண்டும். யார் பின்னினார், எத்தனை மணி நேரம், கூலி எவ்வளவு, நூல் எவ்வளவு, சங்கத்தின் பங்கு எவ்வளவு என்று நான்கு வரி அச்சிட்டுத் தொங்கவிட்டால் போதும். அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர் வாங்கட்டும். பேரம் பேச நினைப்பவர் எந்த வரியில் குறைக்கச் சொல்கிறார் என்று அவரே சொல்லட்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஆடியில் பயிற்சியைத் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் கை பழகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நெசவாளர் வீடுகளிலும், மார்கழி, தையில் பூத் தொடுப்பவர் வீடுகளிலும் வேலை நடக்கலாம். மாசி பிறந்து தறியும் தோட்டமும் கூப்பிடும்போது ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். ஆண்டு முழுவதும் பின்ன வைத்துக் கிடங்கை நிரப்பும் ஆசை நிர்வாகிகளுக்கு வரும். அந்த ஆசைக்கு இடங்கொடுத்தால் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விற்க நேரும். தள்ளுபடி கடைசியில் யார் கூலியில் விழும் என்பது நெசவாளர் சங்கங்களுக்குத் தெரியாததன்று.

எனவே, யோசனையை மகாசபையின் முன் வைக்கும் சங்கங்கள் தீர்மானத்தோடு பதிவேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றையும் சேர்த்து வைக்குமாறு கோருகிறோம். தலைப்பு 'பின்னல் பிரிவு' என்று மட்டும் இருக்கட்டும். அங்கத்தினர் பெயர், கொடுத்த நூலின் எடை, திரும்பிய எடை, உருப்படி, மணி நேரம், மணிக்கூலி, கொடுத்த தொகை, கையொப்பம் என்று எட்டுப் பத்திகள். மணிக்கூலி எவ்வளவு என்பதை மகாசபையே தீர்மானிக்கட்டும். அதே சங்கத்தின் தையற் பிரிவில் கிடைப்பதற்குக் குறையாமல் இருந்தால் ஆய்வின்போது நாம் ஆட்சேபம் எழுத மாட்டோம். மணி நேரப் பத்தியைக் காலியாக விட்டிருந்தால் கட்டாயம் எழுதுவோம்.